பகல்நேரப் பயிற்சி மையம்: வாரத்தில் 15 மணி நேரமும் மீதி நேரமும்

உங்கள் கடிதத்தைப் படித்தேன். உங்கள் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். இருபதாவது மாதத்தில்தான் நடந்தான். இப்போது நான்கைந்து சொற்கள் சொல்கிறான். குழந்தை மருத்துவர் ‘வளர்ச்சித் தாமதம்’ என்று எழுதி, ஓர் ஆரம்பநிலைப் பயிற்சி மையத்துக்கு அனுப்பியிருக்கிறார். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு மூன்று மணி நேரம். நீங்கள் போய் எட்டிப் பார்த்தபோது அங்கே சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருந்தார்கள். “இதை வீட்டிலேயே செய்யலாமே, இதற்காகவா சேர்க்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் கடைசி வரியில்தான் உண்மையான கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன்: சேர்த்தால் இவன் மற்ற பிள்ளைகளைப் போல ஆகிவிடுவானா? முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு முடியாது. உங்கள் மகனை நேரில் பார்ப்பவரும் இந்த வயதில் உறுதி சொல்லக்கூடாது. அப்படி யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

நான் சிறப்புக் கல்வி படித்தவள். இப்படிப்பட்ட மையங்களில் பத்தொன்பது வருடமாகக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்திருப்பவள். மருத்துவர் அல்ல. அதனால் மருந்து, ஸ்கேன், மரபணுப் பரிசோதனை பற்றியெல்லாம் உங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காது பரிசோதனை முடிந்துவிட்டதா? கைதட்டினால் திரும்புகிறான் என்பது பரிசோதனை ஆகாது. பிறந்தவுடன் செய்த சோதனையில் தேறியிருந்தாலும் போதாது. பிறகு காதுக்குள் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறையலாம், பிறவிக் குறைபாடே சில குழந்தைகளுக்குத் தாமதமாகத்தான் வெளிப்படும். காது சரியாகக் கேட்காத குழந்தைக்கு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி கொடுத்த கதை எங்கள் தொழிலில் நிறைய உண்டு. இன்னொன்று, ஏற்கெனவே வந்த சொல்லோ திறமையோ மறைந்துபோனாலும், உடல் திடீர் திடீரென்று மடங்கி அதிர்வதுபோல் தெரிந்தாலும் மையத்துக்கு அல்ல, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

‘வளர்ச்சித் தாமதம்’ என்பது நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் என்று சொல்வதுபோல ஒரு நிலையைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதற்குக் காரணம், அந்த வயதில் பல திறமைகளை நம்பும்படி அளக்க முடியாது என்பதுதான். இதே சொல்லோடு வரும் குழந்தைகளில் சிலர் பள்ளி சேர்வதற்குள் எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். சிலருக்குப் பிறகு ஆட்டிசம் என்றோ அறிவுசார் குறைபாடு என்றோ பெயர் மாறுகிறது. சிலருக்குப் பேச்சில் மட்டும் சிக்கல் தங்குகிறது.

“ஆம்பிளைப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்” என்று உங்கள் மாமியார் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம், அவர் பாதி சரி. தாமதமாகப் பேசும் குழந்தைகளில் கணிசமானவர்கள் தாங்களாகவே தேறிவிடுகிறார்கள். ஆனால் அப்படித் தேறுகிறவர்களிடம் பொதுவாகச் சில விஷயங்கள் இருக்கும்: சொன்னது நன்றாகப் புரியும், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவார்கள், பொம்மைக்குச் சோறூட்டுவது மாதிரி பாவனை விளையாட்டு இருக்கும், நடை முதலானவை உரிய காலத்தில் வந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்ட அளவின்படி, தனியாக நடக்கத் தொடங்குவது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் அமைந்துவிடுகிறது. உங்கள் மகன் அந்த எல்லையைத் தாண்டித்தான் நடந்திருக்கிறான். சுட்டிக் காட்டுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பேச்சோடு இந்த இரண்டும் சேரும்போது ‘காத்திருப்போம்’ என்ற யோசனையை நான் ஏற்கமாட்டேன். பயிற்சி தொடங்கிய பிறகு அவன் தானாகவே தேறுகிற பிள்ளைதான் என்று தெரிந்தால் உங்களுக்கு நட்டம் சில மாத அலைச்சல். காத்திருந்து பார்த்து அப்படி இல்லை என்று தெரிந்தால் போன மாதங்கள் போனதுதான்.

இப்போது அந்தக் குமிழிக்கு வருகிறேன். குமிழி ஊதுவது பயிற்சியா பொழுதுபோக்கா என்பது, ஊதுகிறவர் எப்போது நிறுத்துகிறார் என்பதைப் பொறுத்தது. தொழில் தெரிந்தவர் இரண்டு முறை ஊதுவார், குழந்தை சிரிக்கும். மூன்றாவது முறை வளையத்தை வாயருகே கொண்டுபோய் நிறுத்திவிடுவார். “என்ன வேணும், சொல்லு சொல்லு” என்று நச்சரிக்கமாட்டார். குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி மனதுக்குள் பத்து வரை எண்ணுவார். அந்தப் பத்து விநாடிதான் பயிற்சி. அதற்குள் குழந்தை வளையத்தைப் பார்க்கும், பிறகு அவர் முகத்தைப் பார்க்கும், மறுபடியும் வளையத்தைப் பார்க்கும். பொருளையும் ஆளையும் இப்படி மாறி மாறிப் பார்ப்பதுதான் பேச்சுக்கு அடித்தளம். பார்த்த அந்தக் கணத்தில் “ஊது!” என்று ஒரே சொல்லைச் சொல்லி உடனே ஊதிவிடுவார். நான் பார்த்தால் உலகம் அசைகிறது என்று அந்தக் குழந்தைக்குப் புரியத் தொடங்கும். பல வாரம் கழித்து ஒருநாள் பார்வையோடு ஒரு ‘ஊ’ சேர்ந்து வரும். நாங்கள் அறைக்குள் கத்திவிடாமல் இருக்கப் படாதபாடு படுவோம்.

அதே குமிழியைப் பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குத் தரையோரமாக ஊதுவார்கள், அது குந்தி உட்கார்ந்து எழுந்திருப்பதற்காக. தாமதமாக நடந்த பிள்ளைக்கு இடுப்பிலும் தொடையிலும் அந்தப் பலம் வேண்டும். இன்னொரு குழந்தையிடம் மூடியை இறுக்கி மூடி டப்பாவையே கொடுப்பார்கள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கட்டும், முடியாவிட்டால் கொண்டுவந்து நீட்டி உதவி கேட்கட்டும் என்பது கணக்கு. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று குழந்தைகள் ஒரே விளையாட்டு விளையாடுகிறார்கள். கோப்பில் மூன்று வெவ்வேறு இலக்குகள் எழுதியிருக்கும், எழுதியிருக்க வேண்டும். ஆகவே ஆசிரியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது “ஏன் விளையாட வைக்கிறீர்கள்” என்று அல்ல, “இந்த விளையாட்டில் என் மகனுக்கு என்ன இலக்கு” என்று. யோசிக்காமல் ஒரே வாக்கியத்தில் பதில் வந்தால் நல்ல இடம். “எல்லாம் டெவலப் ஆகும்மா” என்று வந்தால் யோசியுங்கள்.

இலக்கு எழுதும் விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ‘தொடர்புத் திறன் மேம்படும்’ என்று எழுதியிருந்தால் அது யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. ‘விளையாட்டின் நடுவே, யாரும் தூண்டாமல், நாளுக்கு ஐந்து முறையாவது சைகையாலோ சொல்லாலோ இன்னும் வேண்டும் என்று கேட்பான், மையத்திலும் வீட்டிலும், மூன்று மாதத்துக்குள்’ என்று எழுதியிருந்தால், மூன்று மாதம் கழித்து நீங்களும் அவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேச முடியும். ‘சைகையாலோ’ என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். கைச்சைகையோ படத்தைக் காட்டிக் கேட்பதோ பேச்சைத் தடுக்கும் என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. பேச்சு வருகிற பிள்ளைகளுக்கு அது ஊன்றுகோலாகத்தான் இருக்கிறது. வீட்டில் இரண்டு மொழி பேசுவதால்தான் தாமதம் என்று யாராவது சொன்னால் அதற்கும் ஆதாரம் இல்லை. உங்களுக்கு இயல்பாக வரும் மொழியிலேயே பேசுங்கள்.

இனி ஒரு கணக்கு. உங்கள் மகன் மையத்தில் இருக்கப்போவது வாரத்துக்கு 15 மணி நேரம். இரண்டு வயதுப் பிள்ளை நாளுக்கு 11, 12 மணி நேரம் விழித்திருப்பான், வாரத்துக்கு ஏறத்தாழ 80 மணி நேரம். மீதி 65 மணி நேரம் உங்களோடு. அந்த 15 மணி நேரத்தில் கற்றது இந்த 65-க்குள் இறங்காவிட்டால் மையம் எவ்வளவு சிறந்ததாக இருந்தும் பயனில்லை. இதை நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சிறுமிக்கு நாற்பது படங்களின் பெயர்களைச் சொல்லப் பழக்கினேன், எனக்கு ஏகப் பெருமை. அவள் அம்மா ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “வீட்டில் தாகம் எடுத்தால் அழத்தான் செய்கிறாள், தண்ணி என்று சொல்லமாட்டேன் என்கிறாள், ஏன்?” நாற்பது படங்களில் தண்ணீரும் ஒன்று! என் மேசையில், என் குரலுக்கு, என் அட்டைக்கு மட்டுமே அவள் பேசப் பழகியிருந்தாள். அந்த அம்மா ஒருநாள்கூட அறைக்குள் வந்ததில்லை. நான்தான் கதவைச் சாத்தி வைத்திருந்தேன், அம்மா இருந்தால் பிள்ளை கவனிக்காது என்று. தவறு என்னுடையது.

நீங்கள் “வீட்டிலேயே செய்யலாமே” என்று கேட்டதில் அதனால்தான் நியாயம் இருக்கிறது. செய்யலாம் மட்டுமல்ல, செய்தே ஆக வேண்டும். ஆனால் எதை, எந்தக் கணத்தில், எவ்வளவு உதவியோடு என்பதைக் கண்டுபிடித்து உங்களுக்குக் காட்டித் தருவதுதான் மையத்தின் வேலை. வீட்டில் உங்களுக்கு ஒரே பிள்ளையைத்தான் தெரியும், அவர்களுக்கு நூறு பிள்ளைகளைத் தெரியும். அதோடு உங்களுக்கு மூன்று மணி நேரம் மூச்சு விட முடிகிறது. இதைச் சொல்லப் பெற்றோர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். இதில் உறுதியானதையும் ஐயமானதையும் கலக்காமல் பார்க்க வேண்டும். பகல் மையத்தையே மையமாக வைத்து நடந்த பெரிய சோதனை ஒன்று 1980-களில் அமெரிக்காவில் எட்டு இடங்களில் நடந்தது. எடை குறைவாக, குறைமாதத்தில் பிறந்த 985 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு முதல் வருடம் வீட்டுக்கு வந்து பயிற்சி, பிறகு மூன்று வயதுவரை அன்றாடம் பகல் மையம். மூன்று வயதில் அளந்தபோது, பிறப்பு எடை 2 கிலோவுக்கு மேல் இருந்தவர்களுக்கு ஐக்யூவில், அதாவது அறிவுத்திறன் அளவில், இந்தப் பயிற்சி பெறாதவர்களைவிடச் சராசரி 13 புள்ளி கூடுதல். அதற்கும் குறைந்த எடையில் பிறந்தவர்களுக்கு 6.6 புள்ளி. எட்டு வயதில் மறுபடி அளந்தார்கள். எடை கூடப் பிறந்தவர்களிடம் வேறுபாடு சுருங்கிவிட்டது, எடை குறைவாகப் பிறந்தவர்களிடம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. மையம் வேலை செய்கிறது என்பது உண்மை. மூன்று வயதில் நிறுத்திவிட்டால் அது தானாக நீடிக்கும் என்று நம்ப முடியாது என்பதும் உண்மை. அந்தக் குழந்தைகள் தாமதம் வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள்தான், எல்லோரும் தாமதம் உள்ளவர்கள் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் மகனுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில்தான் நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. உங்கள் மகனுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை, இருந்தும் பாடம் பொருந்தும். 1987-இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சியால் ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் மற்றவர்களைப் போல ஆனதாகச் சொன்னது. ‘நாற்பது மணி நேரம்’ என்ற மந்திரம் அங்கிருந்துதான் பரவியது. ஆனால் அதில் பயிற்சி பெற்றவர்கள் வெறும் 19 பேர், குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. பிறகு 2010-இல் 48 குழந்தைகளைக் குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வில், விளையாட்டு வழியாக இரண்டு வருடம் பயிற்சி பெற்றவர்கள் ஐக்யூவில் சராசரி 17 புள்ளிக்கு மேல் உயர்ந்தார்கள், வழக்கமான சேவை பெற்றவர்கள் 7 புள்ளி. அதே முறையைப் பல இடங்களில் பெரிய அளவில் மறுபடி செய்து 2019-இல் வெளியிட்டபோது மொழியில் ஓரளவு நன்மை தெரிந்தது, ஐக்யூவில் வேறுபாடு தெரியவில்லை. முதல் ஆய்வு பளபளப்பாக இருக்கும், இரண்டாவது கொஞ்சம் மங்கும். எங்கள் துறையில் இது வாடிக்கை.

எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதும் இன்னும் தீராத கேள்விதான். 2021-இல் வெளியான ஆய்வில் ஆட்டிசம் உள்ள 87 குழந்தைகளை வாரத்துக்கு 15 மணி நேரம், 25 மணி நேரம் என்று பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். மொத்தத்தில் பார்த்தால் மணி நேரம் கூடியதால் பெரிய வேறுபாடு வரவில்லை. ஆகவே வேறு மையம் 25 மணி நேரம் தருகிறதாம் என்று யாராவது சொன்னால் அதற்காகவே மாற்றிவிடாதீர்கள். மறுபக்கம், பிரிட்டனில் 152 குழந்தைகளோடு நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அதில் குழந்தைக்கு நேரடிப் பயிற்சி கிடையாது. பெற்றோர் தங்கள் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, தெரபிஸ்ட் அவர்களோடு உட்கார்ந்து பார்ப்பார். “இங்கே அவன் உங்களைப் பார்த்தான், கவனித்தீர்களா?” அவ்வளவுதான் பாடம். 2010-இல் முதல் முடிவு வந்தபோது குழந்தைகளின் ஆட்டிச அறிகுறிகளில் தெளிவான மாற்றம் இல்லை, பெற்றோர் குழந்தையோடு பழகும் விதம்தான் மாறியிருந்தது. ஏறத்தாழ ஆறு வருடம் கழித்து அதே குழந்தைகளைப் பார்த்தபோது அறிகுறிகளின் கடுமை மற்றப் பிரிவைவிடக் குறைவாக இருந்தது. மீதி 65 மணி நேரம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

“மூன்று வயதோடு மூளை மூடிக்கொள்ளும்” என்று யாராவது உங்களை அவசரப்படுத்தியிருந்தால், அது பாதி அறிவியல், பாதி வியாபாரம். கேட்பதற்கும் பார்ப்பதற்கும் அப்படிப்பட்ட காலக்கெடு உண்மையிலேயே உண்டு, காது பரிசோதனையை முதலில் சொன்னதற்கு அதுவும் காரணம். பொதுவாகச் சீக்கிரம் தொடங்குவது நல்லது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் மொழியும் அறிவும் ஒரு பிறந்தநாளோடு கதவடைத்துக்கொள்வதில்லை. நாலரை வயதில் வந்து பேசத் தொடங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சுவரில் ஒட்டிய படங்களையும் சாதனங்களையும் பார்க்காதீர்கள். ஒரு பெரியவருக்கு எத்தனை குழந்தைகள் என்று பாருங்கள். என் அனுபவத்தில் மூன்றைத் தாண்டினால் அந்தப் பத்து விநாடிக் காத்திருப்புதான் முதலில் காணாமல் போகிறது. அரை மணிக்கு ஒருமுறை பேச்சு அறை, கை அறை, கால் அறை என்று பிள்ளையைக் கைமாற்றும் மையங்கள் இருக்கின்றன. ஓர் ஆசிரியரோடு பிள்ளை ஒட்டிக்கொண்டு, மற்ற தெரபிஸ்டுகள் அந்த ஆசிரியருக்குக் கற்றுத் தருகிற முறையே எனக்குச் சரி என்று படுகிறது. இதில் மாற்றுக் கருத்து உள்ள சக ஊழியர்கள் எனக்கு உண்டு. பிள்ளை முதல் இரண்டு வாரம் அழுவான், அது இயல்பு. அழும்போது உங்களை உள்ளே விடாத இடம், பிள்ளையை நாற்காலியில் கட்டி உட்கார வைக்கும் இடம், ஆறு மாதத்தில் சரியாக்கித் தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் இடம், ஸ்டெம் செல் ஊசிக்கோ ஆக்ஸிஜன் அறைக்கோ பரிந்துரைக்கும் இடம் – இவற்றிலிருந்து அன்றைக்கே வெளியே வாருங்கள். கை கால்களைப் பிறர் அசைத்துவிடுவதே பயிற்சி என்று நடத்தினாலும் பயன் குறைவு. பிள்ளை தானே முயன்று செய்தால்தான் பலம் கூடும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். ஆறு மாதம் நல்ல பயிற்சிக்குப் பிறகு ஒரு பிள்ளை எந்த வேகத்தில் போகிறான் என்பது, இன்று அவன் எங்கே நிற்கிறான் என்பதைவிட அதிகம் சொல்லும். அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த இலக்குத் தாளை எடுத்துப் பாருங்கள். இரண்டு முறை தொடர்ந்து எதுவும் நகரவில்லை என்றால் பிள்ளையைக் குறை சொல்லாமல் இலக்கை மாற்றச் சொல்லுங்கள், அல்லது ஆளை.

திங்கட்கிழமை போகும்போது, ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். அனுமதித்தால், குமிழி ஊதுகிறவர் நிறுத்திய பிறகு எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்று மனதுக்குள் எண்ணுங்கள். அன்று மாலை வீட்டில் நீங்களும் ஊதிப் பாருங்கள். முதல்முறை மூன்று விநாடிக்கு மேல் உங்களால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது, எனக்கும் முடியவில்லை.